ஆல்டோவில் நமக்கென்று ஒரு குரல்: காப்பி அடிக்கணுமா, அடிக்கவே கூடாதா?

#1 நடு_சி

ஆல்டோ சாக்ஸபோனில் ஜாஸ் வாசிக்கிறேன். மேயர் 5 மவுத்பீஸ் (ஊதும் முனை), 2½ ரீட் (அதில் மாட்டி அதிர்கிற நாணல் பட்டை). பன்னிரண்டு கீயிலும் ஸ்கேல், ஆர்ப்பெஜியோ நிமிஷத்துக்கு 120 அடி வேகத்தில் ஓடும். ப்ளூஸ், ரிதம் சேஞ்சஸ் (ரெண்டும் ஜாஸில் எல்லாரும் பழகற கார்ட் வரிசைகள்), ஒரு பத்து ஸ்டாண்டர்ட் (எல்லாரும் வாசிக்கிற பாட்டு) மனப்பாடம். பதிவு பண்ணிக் கேட்டா தப்புன்னு சொல்ல பெரிசா எதுவும் இல்லை. ஆனா யார் வாசிக்கிறாங்கன்னும் சொல்ல முடியாது. ஆல்டோக்காரர் ஜானி ஹாட்ஜஸை ரெண்டு நோட்டில் கண்டுபிடிச்சுடலாம். இன்னொரு ஆல்டோக்காரர் பால் டெஸ்மண்டுக்கு ஒண்ணே போதும். அந்த அடையாளம் எங்கே உட்கார்ந்திருக்கு?

"ஒருத்தரை முழுசா காப்பி அடி, உன் குரல் தானா வரும்"னு ஒரு கட்சி. "காப்பி அடிச்சா காலத்துக்கும் காப்பிதான்"னு எதிர்க்கட்சி. மவுத்பீஸை மாத்துன்னு மூணாவது கட்சி. எதில் தொடங்கறது?

#2 ரீட்பெட்டி

மூணாவது கட்சியை முதலில் முடிச்சு வைப்போம். 1953-ல் டொராண்டோ மாஸி ஹாலில் ஆல்டோ ஜாம்பவான் சார்லி பார்க்கர் ஊதினது கிராஃப்டன் பிளாஸ்டிக் ஆல்டோ. அந்தப் பதிவைக் கேட்டுட்டு "பார்க்கர் மாதிரி இல்லையே"ன்னு யாராவது சொல்லட்டும் பார்ப்போம்.

தம்பி, ஹார்ன் (சாக்ஸ்) லீக் இல்லாம இருக்கான்னு பாருங்க. இருட்டு அறையில் லீக் லைட்டை உள்ளே விட்டு, விரலை மெத்துன்னு வச்சு ஒவ்வொரு பேடா (துளையை மூடுற மெத்தை) மூடணும். அழுத்தி மூடினா லீக் தெரியாது, வாசிக்கும்போதுதான் தெரியும். ஜி-ஷார்ப் பேடையும் கீழ் ஈ-ஃபிளாட் பேடையும் விட்டுடாதீங்க. மேலே ஒரு பேட் கசிஞ்சாலும் கீழ் ஸ்தாயி கொப்பளிக்கும். அதைச் சமாளிக்க ரீட்டைக் கடிக்க ஆரம்பிப்பீங்க. அந்தக் கடி பழகிட்டா ஹார்னைச் சரி பண்ணின பிறகும் போகாது.

அடுத்தது மவுத்பீஸும் ரீட்டும். ரெண்டையும் மாட்டி, பின்பக்கத் துளையை உள்ளங்கையால் அடைச்சு, காத்தை உறிஞ்சி வாயை எடுங்க. ரெண்டு மூணு நொடி பிடிச்சிருந்துட்டு "பொப்"னு விட்டா சரி. உடனே விட்டா ரீட் வளைஞ்சிருக்கு, இல்லைன்னா மவுத்பீஸின் மேஜை (ரீட் உட்காருகிற தட்டைப் பகுதி) சமமா இல்லை.

மேயர் 5-ன் முனைத் திறப்பு (ரீட் நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் இடைவெளி) சுமார் 1.8 மில்லிமீட்டர். ஜாஸ் ஆல்டோவுக்கு நடுவாந்திரம், குறை சொல்ல ஒண்ணுமில்லை. பெரிய சத்தத்துக்கு ஆசைப்பட்டு 2.1-க்குப் போய் அதே ரீட்டைப் போட்டா, ரீட் மூட அதிக தூரம் போகணும். காத்து பத்தாது, தாடை உதவிக்கு வரும், சுருதி ஏறும், சத்தம் சன்னமாகும். காசு கொடுத்து எதிர்ப்பலன்.

ஆறு மாசத்துக்கு எதையும் மாத்தாதீங்க. ஒரே பிராண்ட், ஒரே நம்பர் ரீட். அடியில் பென்சிலால் 1 முதல் 4 வரை குறிச்சு நாளுக்கு ஒண்ணுன்னு சுத்தி விடுங்க. புது ரீட்டை முதல் நாள் அஞ்சு நிமிஷத்துக்கு மேல் ஊதாதீங்க. நல்ல ரீட் ஒண்ணு மாட்டினதும் அதையே சாகும் வரைக்கும் ஊதறதுதான் எல்லாரும் செய்யற தப்பு. அது செத்த அன்னைக்கு உங்க சத்தமும் கூடவே போயிடும்.

#3 கீழ்_பிஃபிளாட்

ரீட்பெட்டி சொன்னதோடு உடன்படுகிறேன். மவுத்பீஸுக்கு இந்தப் பக்கம் இருக்கிற கருவி வாயும் தொண்டையும்தான். அதை அறிந்துகொள்ள ஓவர்டோனை (ஒரே விரலமைப்பில் மேல் ஸ்வரங்களை எழுப்புவது) விட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. நியூயார்க்கில் ஜோ அல்லார்டு இதைத்தான் சொல்லிக் கொடுத்தார். சாக்ஸ் கலைஞர்கள் மைக்கேல் பிரெக்கர், டேவ் லீப்மன் இருவரும் அவரிடம் படித்தவர்கள். ஆனால் ஒருவர் சத்தம் இன்னொருவருக்கு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

கீழ் பி-ஃபிளாட் விரலை வைத்துக்கொள்ளுங்கள். அதை ஸட்ஜம் என்று எடுத்தால், விரலை அசைக்காமல் வரிசையாக மேல் ஸ, ப, அதற்கு மேல் ஸ, க, ப, நி என்று எழுப்ப வேண்டும். தம்புராவைச் சரியாகச் சேர்த்தால் மந்தர ஸட்ஜத் தந்தியிலிருந்து தானாக ஒரு அந்தர காந்தாரம் கேட்குமே, கீழ் ஸட்ஜத்தை ஒன்று என்று எண்ணினால் இந்த வரிசையின் ஐந்தாவது அதேதான். ட்யூனரில் அது 14 சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தாழ்வாகக் காட்டும். ஏழாவதான நிஷாதம் 31 சென்ட் தாழ்வு. இயற்கையே அப்படி, திருத்தப் பார்க்காதீர்கள்.

பலரும் ஓவர்டோன் எழும்பியதும் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மூன்றாவதை எடுத்துக்கொள்ளுங்கள், அது நடு எஃப். கீழ் பி-ஃபிளாட் விரலில் நான்கு எண்ணிக்கை பிடித்து, நாக்கால் தொடாமல் வழக்கமான எஃப் விரலுக்கு மாறுங்கள். தொண்டையை அப்படியே விடுங்கள். விரல் மாறியதும் சத்தம் சுருங்கினால், உங்கள் அன்றாட எஃப் சுருங்கித்தான் இருக்கிறது என்று பொருள். இரண்டும் ஒன்றுபோல் கேட்கும் வரை போய்வர வேண்டும். இரண்டாவது முதல் ஆறாவது வரை இப்படி. நாளுக்குப் பன்னிரண்டு நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் உதடு களைத்துத் தாடை உள்ளே வந்துவிடும்.

கூடவே மவுத்பீஸை மட்டும் தனியாக ஊதுங்கள். ஆல்டோவில் செவ்வியல் பாணிக்காரர்கள் கான்சர்ட் ஏ-யில் (பியானோவின் ஏ, 880 ஹெர்ட்ஸ்) நிற்பார்கள், ஜாஸ்காரர்கள் இரண்டு மூன்று ஸ்வரம் கீழே. அங்கிருந்து தாடையை அசைக்காமல் ஐந்து ஸ்வரம் கீழே வழுக்கி வர முடிகிறதா? முடியாவிட்டால் நாக்கு உறைந்துபோயிருக்கிறது. ஹாட்ஜஸின் அந்த நீண்ட இழுவை இந்த வழுக்கலும் விரலை மெல்லத் திறப்பதும் சேர்ந்தது.

#4 நடு_சி

ஸ, ப, மேல் ஸ வரைக்கும் வருது அண்ணே. காந்தாரத்துக்குப் போனா கீச்சுன்னு கத்திட்டு மறுபடியும் ஸட்ஜத்திலேயே விழுது. காத்தைக் கூட்டணுமா?

#5 கீழ்_பிஃபிளாட்

கூட்டாதீர்கள், வேகப்படுத்துங்கள். இரண்டும் வேறு. நாக்கின் பின்பகுதியை "ஆ"-விலிருந்து "ஈ"-க்கு ஏற்றினால், அதே காற்று குறுகிய வழியில் வேகமாகப் போகும். சீட்டியில் மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது நாக்கு தானாகச் செய்கிற வேலை அது. கீச்சுக்குக் காரணம் உதட்டின் அழுத்தம். கட்டைவிரல் கொக்கியை முன்னால் தள்ளி, மவுத்பீஸை இன்னும் ஒரு மில்லிமீட்டர் உள்ளே எடுத்துப் பாருங்கள்.

கீழுதடு எங்கே உட்கார வேண்டும் என்பதற்கு ஒரு அளவு உண்டு. ரீட்டுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத்தைச் செருகுங்கள். அது தட்டி நிற்கும் இடத்தில்தான் ரீட் மவுத்பீஸை விட்டுப் பிரிகிறது. அந்த இடத்துக்கு நேர் கீழே உதடு. பலர் அதற்கு முன்னால், நுனிக்கு அருகில் பிடித்துக்கொண்டு "என் சத்தத்தில் கூர்மை இல்லை" என்று வருத்தப்படுவார்கள்.

#6 பழைய_ரெக்கார்ட்

குழாய் வேலை நன்றாக நடக்கிறது. காப்பி விவகாரத்துக்கு வருகிறேன்.

1934-ல் டெனர் சாக்ஸபோன் (ஆல்டோவை விடப் பெரியது, சுருதி கீழானது) வாசித்த கோல்மன் ஹாக்கின்ஸ் ஃபிளெட்சர் ஹெண்டர்சன் குழுவை விட்டு ஐரோப்பா போனார். அந்த நாற்காலியில் லெஸ்டர் யங் வந்து உட்கார்ந்தார். டெனர் என்றாலே ஹாக்கின்ஸின் கனத்த, அதிர்கிற சத்தம்தான் என்றிருந்த காலம். ஹெண்டர்சனின் மனைவி லெயோரா காலையில் ஹாக்கின்ஸ் ரெக்கார்டுகளைப் போட்டுக் கேட்க வைத்தும் லெஸ்டர் மாறவில்லை, சில மாதங்களில் வெளியேறினார். அவர் யாரையும் காப்பி அடிக்கவில்லை என்று இதற்குப் பொருளல்ல. அவர் மனதில் இருந்தவர் ஃபிராங்கி டிரம்பாவர், சி-மெலடி சாக்ஸபோன் வாசித்தவர். சி-மெலடி ஆல்டோவுக்கும் டெனருக்கும் நடுவே உள்ள இலேசான கருவி. அந்த இலேசை டெனருக்குள் தேடியதில் பிறந்ததுதான் லெஸ்டரின் குரல்.

காப்பி எங்கே கெடுக்கிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. உங்கள் கருவியில், உங்கள் காலத்தில், எல்லாரும் காப்பி அடிக்கிற அதே ஆளை எடுத்தால் கூட்டத்தில் ஒருவராவீர்கள். 1940-களின் கடைசியில் ஆல்டோக்காரர்களில் பெரும்பாலோர் பார்க்கரின் நிழல். லீ கோனிட்ஸ் தப்பித்தார். அவருடைய ஆசிரியர் லென்னி டிரிஸ்டானோ மாணவர்களை லெஸ்டரின் சோலோக்களைப் பாட வைத்தார். கருவியைத் தொடாமல், ரெக்கார்டோடு சேர்ந்து, பிறகு ரெக்கார்டு இல்லாமல். டெனர்காரரின் மூச்சும் வாக்கியமும் ஓர் ஆல்டோக்காரருக்குள் இறங்கின.

1936-ல் சிகாகோவில் கவுன்ட் பேஸியின் சிறு குழுவோடு லெஸ்டர் பதிந்த 'லேடி பி குட்' சோலோவை எடுங்கள். இரண்டு கோரஸ் (பாட்டின் ஒரு முழுச் சுற்று ஒரு கோரஸ்), 64 பார் (நான்கு அடி ஒரு பார்). முதல் 8 பாரை மட்டும் ஒரு வாரம் பாடுங்கள். வேகத்தைப் பாதியாக்கலாம், ஆனால் முழு வேகத்தில் பாடும் வரை ஹார்னை எடுக்கக்கூடாது. காகிதத்தில் எழுதுவது கடைசி, எழுதாவிட்டாலும் குடி முழுகிப்போகாது. அச்சில் கிடைக்கும் சோலோத் தொகுப்பிலிருந்து வாசிப்பது வீண். லெஸ்டர் எந்த நோட்டை விழுங்கினார், எதன் வாலை நீட்டினார் என்பது அச்சில் வராது. அடையாளமோ அங்கேதான் இருக்கிறது.

ஹார்னில் வந்ததும் அவருடைய ஒரு சாமர்த்தியத்தைத் தனியாக எடுத்துப் பாருங்கள். ஒரே நோட்டை இரண்டு விரலமைப்புகளில் மாற்றி மாற்றி ஊதுவார். நடு சி-யை வழக்கமான விரலில் ஒருமுறை, பிறகு அதே விரலோடு வலதுகை மூன்று விரல்களையும் மூடி ஒருமுறை. சுருதி இம்மி நகரும், நிறம் இருளும். ஒரே ஸ்வரம் "தா-வோ-தா-வோ" என்று பேசும். உங்கள் பெயரே நடு_சி. அதிலேயே தொடங்குங்கள்.

#7 லயக்காரி

பழைய_ரெக்கார்ட் அண்ணன் சத்தத்தையும் ஸ்வரத்தையும் சொன்னார், லயத்தைக் கிட்டத்தட்டத் தாண்டிப் போய்விட்டார். பதிவில் ஆளை அடையாளம் காட்டுவதில் பாதிக்கு மேல் அடியில் எங்கே உட்காருகிறோம் என்பதுதான். டெனர்காரர் டெக்ஸ்டர் கார்டன் டிரம்ஸின் அடிக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்து நடப்பார். ஆல்டோக்காரர் கேனன்பால் ஆடர்லி அடியின் மேலேயே நிற்பார். ரெண்டு பேரும் ஒரே ஸ்வரங்களை வாசித்தாலும் தெரிந்துவிடும்.

120 வேகத்தில் ஒரு அடி 500 மில்லி வினாடி. எட்டாம் நோட்டுகளை (ஒரு அடிக்கு இரண்டு) மூன்றில் இரண்டு பங்காக ஆட்டினால் இரண்டாவது நோட்டு 333-ல் விழும். பாடப்புத்தகக் கணக்கு அது. வேகம் 240-ஐ நெருங்கும்போது எல்லாரும் ஏறத்தாழ சமமாகத்தான் வாசிக்கிறார்கள். நடு வேகத்திலேயே கோனிட்ஸ் சமமாக வாசித்து, அழுத்தத்தை மட்டும் எதிர்பாராத இடத்தில் வைப்பார். பார்க்கர் மாதிரி கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பயிற்சிக்கு மெட்ரோனோமை 60-ல் வைத்து அந்த அடியை 2, 4 என்று எண்ணுங்கள். பாட்டு 120-ல் போகும். ஒரு ப்ளூஸ் கோரஸ் அடியின் மேலேயே, அடுத்தது வேண்டுமென்றே பின்னால், மூன்றாவது சமமான எட்டாம் நோட்டுகளில். பின்னால் போகும்போது வேகமே குறைந்துவிடுவதுதான் வழக்கமான விபத்து. பின்னால் உட்காருவது வேறு, இழுபடுவது வேறு. சரிபார்க்க மெட்ரோனோமை 30-க்கு இறக்கி நாலாவது அடியில் மட்டும் கேட்கச் செய்யுங்கள். 12 பார் முடிந்து எடுப்பில் சரியாக வந்து சேர்ந்தால் நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். சேராவிட்டால் இழுபட்டிருக்கிறீர்கள்.

பேக்கிங் டிராக்கை (கூட ஓடும் பின்னணி இசை) கொஞ்ச நாள் நிறுத்துங்கள். ஐரியல் புரோ மாதிரி செயலிகள் நல்லவைதான், ஆனால் அவை உங்களுக்குப் பதில் சொல்வதில்லை. பியானோ இடைவெளியை நிரப்பிக்கொண்டே இருப்பதால் நீங்கள் சும்மா இருந்தாலும் காலியாகத் தெரியாது. சும்மா இருப்பதும் குரலில் ஒரு பகுதி.

#8 தனிவழி

எல்லாரும் சுத்தி வளைச்சு காப்பியைத்தானே சொல்றீங்க? ஆல்டோக்காரர் ஆர்னெட் கோல்மன் யாரைக் காப்பி அடிச்சார்? 1959-ல் நியூயார்க் ஃபைவ் ஸ்பாட் கிளப்புக்கு வந்து ஊரையே ரெண்டாக்கினார். மத்தவன் சோலோவைப் பாடிட்டு இருந்தா அது நடந்திருக்குமா?

#9 பழைய_ரெக்கார்ட்

ஆர்னெட் ஃபோர்ட் வொர்த்தில் ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுக்களில் ஊதி வளர்ந்தவர், பார்க்கரைக் கரைத்துக் குடித்தவர். அவருடைய மெட்டுகளின் திருப்பங்களில் பார்க்கர் அப்பட்டமாகத் தெரிவார். அவர் விட்டது பார்க்கர் நடந்துபோன கார்ட் பாதையைத்தான். ஜான் கோல்ட்ரேனும் அப்படியே. 1946-ல் கடற்படையில் இருந்தபோது ஆல்டோவில் பதிந்ததைக் கேளுங்கள், பார்க்கரைப் பிடிக்க ஓடுகிற ஒரு பையன்தான் இருக்கிறான். பிறகு டெனருக்கு மாறி டெக்ஸ்டரைப் பிடித்தார், ஹாட்ஜஸின் குழுவிலேயே சில மாதங்கள் இருந்தார். மூன்று நான்கு பேரை ஆழமாக எடுத்து, அவர்கள் ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத இடத்தில் முடிவெடுக்க வேண்டி வந்தால், அந்த முடிவு உங்களுடையது.

தனிவழி சொல்வதிலும் ஒரு நியாயம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். சோலோவை மனப்பாடம் செய்துவிட்டு அதையே மேடையில் துண்டு துண்டாக ஒட்டுகிறவர்கள்தான் நிறைய. எடுத்ததைச் சிதைக்கத் தெரிய வேண்டும். லெஸ்டரின் ஒரு இரண்டு பார் வாக்கியத்தை எடுங்கள். அரை அடி தள்ளித் தொடங்குங்கள். பிறகு கடைசி நோட்டை வெட்டுங்கள், தாளம் அப்படியே இருக்க ஸ்வரங்களை மட்டும் மாற்றுங்கள். அதற்கப்புறம் பன்னிரண்டு கீ. முதலிலேயே பன்னிரண்டு கீயில் ஓட்டினால் விரலுக்குப் பழகிப்போய்ச் சிதைக்க மனசு வராது.

#10 லயக்காரி

இதோடு ஒரு கட்டுப்பாட்டுப் பயிற்சியும் சேர்த்துக்கொள்ளலாம். ப்ளூஸில் மூன்றே ஸ்வரம், ஐந்து கோரஸ். டெனர்காரர் சோனி ராலின்ஸ் 1956-ல் பதிந்த 'ப்ளூ 7' கேட்டால் இதன் உச்சம் தெரியும், சின்னத் துண்டு ஒன்றை வைத்தே சோலோ முழுக்கக் கட்டியிருப்பார். மூன்று ஸ்வரத்தில் இரண்டாவது கோரஸிலேயே சரக்கு தீர்ந்துவிடும். நீளம், சத்த அளவு, வைப்ராட்டோ (நோட்டை ஆட்டுவது), எடுப்பு, மௌனம் எல்லாம் அதற்கப்புறம்தான் நினைவுக்கு வரும். மூன்றாவது கோரஸில் கை எதைத் தேடிப் போகிறது என்று கவனியுங்கள்.

#11 நடு_சி

வைப்ராட்டோன்னதும் ஞாபகம் வந்தது அக்கா. எனக்கு எல்லா நீள நோட்டிலும் ஒரே மாதிரி ஆடுது, நிறுத்த முடியல. இன்னொண்ணு, கத்ரி கோபால்நாத் கமகமே வாசிச்சிருக்காரே, நானும் கமகம் சேர்த்தா அது நம்ம அடையாளம் ஆகிடாதா?

#12 கீழ்_பிஃபிளாட்

வைப்ராட்டோவுக்கு முதலில் நேர்கோடு வேண்டும். 60-ல் எட்டு எண்ணிக்கை மெல்லிய சத்தத்திலிருந்து பெரிதாக, எட்டு திரும்ப மெல்லியதாக, கீழ் பி-ஃபிளாட்டிலிருந்து அரை அரை ஸ்வரமாக மேலே. ட்யூனரைத் திருப்பி வைத்து, கடைசி எண்ணிக்கையில் மட்டும் பாருங்கள். பெரிதாகும்போது சுருதி இறங்கும், சின்னதாகும்போது கடித்து ஏற்றுவோம். நடு டி, ஈ இரண்டும் இயல்பிலேயே ஏறி நிற்கும். இது நேரானதும் தாடையை "வா-வா" என்று அடிக்கு 3, பிறகு 4, 5 என்று ஆட்டுங்கள். எண்ணிக்கையில் ஆட்ட முடிந்தால்தான் நிறுத்தவும் முடியும். பிறகு நான்கு எண்ணிக்கை நோட்டில் மூன்று நேராக, நாலாவதில் மட்டும் ஆட்டம். ஹாக்கின்ஸுக்கு நோட்டு பிறந்ததுமே ஆடும், லெஸ்டருக்கு வாலில்தான். இரண்டையும் செய்ய முடிகிறவருக்குத்தான் தேர்வு என்று ஒன்று உண்டு.

#13 பழைய_ரெக்கார்ட்

கமகத்துக்கு நான். 2008-ல் வந்த 'கின்ஸ்மென்' ஆல்பத்தில் கோபால்நாத்தும் கொலராடோவில் வளர்ந்த ருத்ரேஷ் மகந்தப்பாவும் சேர்ந்து வாசித்திருக்கிறார்கள், இரண்டும் ஆல்டோ. அ. கன்யாகுமரி வயலின், பூவாளூர் ஸ்ரீஜி மிருதங்கம். அந்தக் குழுவில் பியானோ இல்லை, கிடார்தான். பியானோ நிலையான காந்தாரத்தை அடித்துப் பிடித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அதே காந்தாரத்தை அசைத்தால், கேட்பவருக்குச் சுருதி தப்பியதாகத்தான் படும். மெட்டு, தாளம், யார் எப்போது பின்னால் நிற்பது எல்லாவற்றையும் சேர்த்து அமைத்ததால் அங்கே கமகத்துக்கு இடம் கிடைத்தது. 'ஆட்டம் லீவ்ஸ்' என்கிற ஜாஸ் பாட்டின் நடுவில் ஒரு தோடிப் பிடியைச் செருகினால் தயிர்சாதத்தில் சாக்லேட் தூவினது போல இருக்கும். கர்நாடக சங்கீதம் முறையாகப் பயின்றவர் என்றால் கேள்வியே வேறு. இல்லையென்றால் கோபால்நாத்தையும் லெஸ்டரைப் போல உட்கார்ந்து பாடிப் படிக்க வேண்டும்.

#14 ரீட்பெட்டி

கேட்டதெல்லாம் செய்யப் போனா நாளைக்கு ஆறு மணி நேரம் ஆகும். வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் போய் நிக்க எல்லாராலும் முடியுமா? ராலின்ஸ் 1959-லிருந்து 61 வரை மேடையையே விட்டுட்டு அந்த நியூயார்க் பாலத்தில் நின்னு பயிற்சி பண்ணினார். வேலைக்குப் போற ஆளுக்கு ஒரு கணக்கு சொல்லுங்கப்பா.

#15 லயக்காரி

முக்கால் மணி நேரம். ஓவர்டோன் 12 நிமிடம், நேர்கோட்டு நோட்டு 8, பாடுவதும் பிடிப்பதும் 15, மூன்று ஸ்வர ப்ளூஸ் 10. ஸ்கேல் ஏற்கெனவே ஓடுகிறது, அதை வாரத்துக்கு ரெண்டு நாள் ஆக்கிக்கொள்ளலாம்.

ஞாயிறு மட்டும் பதிவு. ஒரே பாலட் 60-ல் ஒரு கோரஸ், ஒரே ப்ளூஸ் 120-ல் மூன்று கோரஸ், ஒவ்வொரு வாரமும் அதே ரெண்டுதான். போனை ரெண்டு மீட்டர் தள்ளி, ஹார்ன் வாய்க்கு நேர் எதிரே இல்லாமல் வையுங்கள். பக்கத்தில் வைத்தால் போன் சத்தத்தை அமுக்கிவிடும், மெதுவும் பெரிதும் ஒன்றாகக் கேட்கும். அன்றே கேட்காதீர்கள். அடுத்த நாள் கேட்டு நாலே விஷயம் குறியுங்கள்: நோட்டு எப்படித் தொடங்குகிறது, எப்படி முடிகிறது, எப்போது ஆடுகிறது, அடியில் எங்கே விழுகிறது. ஸ்வரம் சரியா தப்பா என்று எழுதவே வேண்டாம். எட்டு வாரத் தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், நீங்கள் திட்டமிடாமலே திரும்பத் திரும்பச் செய்வது ரெண்டு மூன்று தெரியும். அதில் ஒன்று காதுக்குப் பிடிக்கும், மற்றது கை சோம்பேறித்தனம்.

#16 நடு_சி

சரிக்கா. காகிதம் செருகிப் பார்த்தேன், உதடு மூணு மில்லிமீட்டர் முன்னாடி இருந்திருக்கு. தள்ளி வச்சதும் காந்தாரம் வந்தது. ஆனா இப்போ நடு ஸ்தாயி முழுக்க ரொம்ப சத்தமா, கரகரன்னு இருக்கே?

#17 கீழ்_பிஃபிளாட்

அது இரண்டு வாரம் இருக்கும். ரீட் இப்போதுதான் முழுதாக அதிர்கிறது, அதைத் தாங்குகிற உதட்டோரம் இன்னும் பலப்படவில்லை. பழைய இடத்துக்குத் திரும்பிவிடாதீர்கள், ரீட் நம்பரையும் ஏற்றாதீர்கள். காந்தாரத்தைப் பாதி சத்தத்தில் எழுப்பிப் பாருங்கள்.